கொரியாவில் மணிக்கு ஓர் எண், நிமிடத்துக்கு வேறோர் எண்

வணக்கம் தம்பி. கொரியாவுக்கு வேலைக்குப் புறப்படும் முன் ஒரே எண்ணுக்கு இரண்டு சொற்களைப் படிக்க வேண்டியிருப்பது ஏன், அவற்றில் ஒன்றை விட்டுவிட முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். விட முடியாது. இரண்டரை மணியை இங்கே ‘தூ ஷி சாம்ஷிப் புன்’ என்பார்கள். அதில் மணியைச் சொல்லும் ‘தூ’ கொரியர்களின் சொந்த எண், நிமிடத்தைச் சொல்லும் ‘சாம்ஷிப்’ சீனத்திலிருந்து வந்த எண். விலை, தேதி, தொலைபேசி எண் எல்லாம் சீன வழியில் வரும். ஆள், வயது, காப்பிக் கோப்பை ஆகியவற்றைப் பேச்சில் எண்ணும்போது சொந்த எண்கள்தாம் வரும்.

ஹானா, தூல், செட், நெட் என்று தொடங்கும் இந்தச் சொந்த எண்கள் மிகப் பழையவை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய கொரியாவான கோரியோ நாட்டுக்கு வந்த சீன அதிகாரி சுன் மூ, தாம் கேட்ட சொற்களைச் சீன எழுத்துகளில் குறித்து வைத்த ‘கேரிம் யுசா’ என்னும் தொகுப்பில் இவையும் இருக்கின்றன. அம்மா, அப்பா என்ற சொற்களைக் காட்டித் தமிழும் கொரியமும் உறவு என்று நம்மவர்கள் மகிழ்வதுண்டு; 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய இலக்கணத்தைத் தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளின் இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்றை ஹானா, தூல், செட்டோடு வைத்துப் பார்த்தால் எனக்கு ஒட்டு எதுவும் தெரியவில்லை.

பழக்கத்தில் மட்டும் ஓர் ஒற்றுமை உண்டு. நம் ‘ஒன்று’ பெயர்ச்சொல்லுக்கு முன் ‘ஒரு’ ஆவதுபோல, மணி, ஆள், கோப்பை போன்ற அளவைச் சொல்லுக்கு முன் ஹானா ‘ஹான்’ ஆகும். தூல், செட், நெட் ஆகியவை தூ, செ, நெ எனக் குறுகும். இருபதாகிய ‘ஸுமுல்’ இறுதி மெய்யை இழந்து ‘ஸுமு’ ஆகும். பத்துகளில் அறுபது முதல் தொண்ணூறு வரை (யேசுன், இல்ஹுன், யொதுன், ஆஹுன்) ஆறு முதல் ஒன்பது வரையான சொற்களின் சாயல் தெரியும். நாற்பதும் ஐம்பதும் (மாஹுன், ஷ்வின்) அப்படியல்ல. நெட்டுருப் போட்டே ஆக வேண்டும். நூறுக்கு ‘ஓன்’, ஆயிரத்துக்கு ‘ஜுமுன்’ என்ற சொந்தச் சொற்கள் முற்காலத்தில் இருந்தும், சீனச் சொற்கள் அவற்றை வழக்கிலிருந்து தள்ளிவிட்டதால், நீங்கள் 99 வரை படித்தால் போதும்.

நாள்களை எண்ணத் தனிச் சொற்கள் இருப்பதையும் மறவாதீர்கள். ‘சாஹுல்’ என்றால் மூன்று நாள். சீன எண்ணில் ‘சா’ நான்கு என்பதால், 2020 ஆகஸ்டில் கிடைத்த மூன்று நாள் தொடர் விடுமுறையைச் செய்திகள் ‘சாஹுல்’ என்று எழுதியபோது கொரியர்களிலேயே பலர் நான்கு நாள் என்று எண்ணிக் குழம்பினார்கள். மேலாளர் ‘சாஹுல்’ விடுப்புத் தந்தால் நான்காம் நாள் காலையில் வேலைக்குப் போய்விடுங்கள்.