மாடி ஏற மறுக்கும் வைஃபை

தொலைபேசித் துறையில் கம்பி இழுத்து ஓய்வுபெற்றவர், வீட்டு இணையம் பற்றிய வாசகர் சந்தேகங்களுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: எங்கள் வீடு தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடியும் கொண்டது. கீழே மாமனார், மாமியார். முதல் மாடியில் நாங்கள். இரண்டாம் மாடியில் கொழுந்தனார் குடும்பம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. பெட்டி கீழே டிவிக்குப் பின்னால் இருக்கிறது. எங்களுக்குச் சுமாராக வருகிறது. கொழுந்தனார் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர். அவருடைய காணொளிக் கூட்டங்கள் நின்று நின்று ஓடுகின்றன. போன வருடம் வாங்கிய பூஸ்டர் பிரயோசனப்படவில்லை. கடைக்காரர் இப்போது ‘மெஷ்’ வாங்கச் சொல்கிறார்; மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குமாம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வாங்கலாம் அம்மா. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு சோதனை. லேப்டாப்பை வயர் மூலம் ஃபைபர் பெட்டியில் செருகி வேகம் பாருங்கள். 90க்கு மேல் காட்டினால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. அங்கேயே 20, 30 என்று காட்டினால் இணைப்பு கொடுத்தவரிடம் சண்டை போடுங்கள். சம்பில் தண்ணீர் இல்லாதபோது மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டு என்ன பயன்?

கோளாறு வீட்டுக்குள்தான் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே கான்கிரீட் தளம் இருக்கிறது. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக முறுக்குக் கம்பி. கொழுந்தனாருக்கு அப்படி இரண்டு தளம். வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. கான்கிரீட்டைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைவிடக் கொஞ்சம் ஊடுருவும். ஆனால் தெருவிலுள்ள எல்லா வீட்டுப் பெட்டிகளும் அதில்தான் கூச்சல் போடுகின்றன. ஒன்றோடொன்று மோதாத சானல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான். இன்னொரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் பலமாக வீசும். நேர் மேலே மிகக் குறைவு. பெட்டியில் வெளியே ஆன்டெனா இருந்தால் ஒன்றைப் படுக்கை வாட்டில் சாய்த்துப் பாருங்கள். காசு செலவில்லாத வேலை.

நம் ஊர் வீடுகளில் மாடிக்குத் தனியாகப் படி வேண்டும், வாடகைக்கு விடலாம் என்று படிக்கட்டை வெளியே கட்டிவிடுகிறோம். மெஷ் பெட்டியின் அட்டையில் அச்சிட்ட படத்தில் படிக்கட்டு வீட்டுக்குள் இருக்கும். அந்தத் திறப்பு வழியாக அலை மாடி ஏறிவிடும். உங்கள் வீட்டில் அந்த வழியும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

பூஸ்டர் தோற்றதற்கும் இதுதான் காரணம். அலை செத்துப்போன இடத்தில் அதை மாட்டியிருப்பீர்கள். அரைகுறையாகக் கேட்டதை அது அரைகுறையாகவே திருப்பிச் சொல்லும். கேட்பதும் சொல்வதும் ஒரே ரேடியோ என்பதால் வேகமும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மெஷ் அதைவிட மேல்தான். பெட்டிகள் ஒன்றையொன்று அறிந்திருக்கும். மூன்று தளத்துக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஆனால் பெட்டிகள் தங்களுக்குள் காற்றிலேயே பேசிக்கொண்டால் அதே கான்கிரீட்டைத்தான் அவையும் தாண்டவேண்டும். இரண்டு அலைவரிசை மட்டுமுள்ள மலிவு மெஷ்ஷில் பெட்டிக்குப் பெட்டி தாவும் ஒவ்வொரு முறையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பெட்டிகள் பேசிக்கொள்வதற்கென்றே தனியாக மூன்றாவது அலைவரிசை வைத்த மாடல்கள் பரவாயில்லை, விலைதான் கூட.

ஆகவே தளத்துக்குத் தளம் வயர் இழுங்கள். வைஃபை வேண்டும் என்று கேட்டால் கிழவன் வயரைப் பிடித்துத் தொங்குகிறானே என்று நினைக்காதீர்கள். கீழிருந்து முதல் மாடிக்கு ஒன்று, இரண்டாம் மாடிக்கு ஒன்று. கேட் 6 வயர், முழுச் செம்பாக இருக்கவேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதும் கடையில் கிடைக்கும்; அதை வாங்காதீர்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. உங்கள் வீட்டில் அதில் கால்பங்கு போதும். சுவருக்குள் பழைய கேபிள் டிவி குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வயர் அசைந்து கொடுத்தால் அதன் நுனியில் புதியதைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்துவிடலாம். கரண்ட் வயர் போகும் குழாயில் மட்டும் சேர்த்து விடக்கூடாது.

குழாய் இல்லையென்றால் வெளிச்சுவர் வழியாக ஏற்றலாம். அதற்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வயர் தனியாக உண்டு. சுவரைத் துளைத்து உள்ளே நுழையும் இடத்தில் வயரைத் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றி நுழைக்கச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், சுவருக்குள் இறங்காது.

நுனியில் பிளக் அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே எட்டு இழை இருக்கும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. சிலர் நாலு இழையை மட்டும் இணைத்து “இண்டர்நெட் வருகிறது பாருங்கள்” என்று கிளம்பிவிடுவார்கள். வரும்; 100க்கு மேல் ஒருநாளும் போகாது. எட்டும் சரியாகச் சேர்ந்தால்தான் 1000. இன்றைக்கு உங்கள் இணைப்பு 100தான் என்றாலும் சுவரை இன்னொரு முறை யார் உடைப்பது?

வயர் போட்டுவிட்டால் மெஷ் பெட்டிகளே தேவைப்படாமல் போகலாம். பரணில் பழைய ரவுட்டர் கிடந்தால் அதை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு (வயரில் வருவதை வைஃபையாகப் பரப்புவது மட்டும்) மாற்றி, அதே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து மாடியில் வையுங்கள். மாடிப்படி ஏறிக்கொண்டே பேசும்போது ஒரு கணம் தடங்கும், அவ்வளவுதான். அந்தத் தடங்கலும் வேண்டாம் என்றால் தளத்துக்கு ஒரு மெஷ் பெட்டி, கீழே ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு. எதுவானாலும் டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ மேலும் வைக்கவேண்டாம். தளத்தின் நடுவாக, திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் இருக்கட்டும். மாமியார் தூசி படாமலிருக்கத் துணி போர்த்தினால் அலை தடைபடாது. பெட்டிதான் சூடாகும், அதனால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மெஷ் பொருத்தியபின் மாடியில் வேகம் பிரமாதம். ஆனால் கீழே ஃபைபர் பெட்டியோடு இணைந்திருக்கும் பிரிண்டரை மாடி லேப்டாப்பால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏன்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வீட்டுக்குள் இரண்டு வலையமைப்பு ஓடுகிறது ஐயா. ஃபைபர் பெட்டியும் ரவுட்டர் வேலை, அதாவது தனக்கென்று ஒரு வலை அமைக்கும் வேலை, செய்கிறது, மெஷ்ஷின் முதல் பெட்டியும் அதே வேலையைச் செய்கிறது. பிரிண்டர் ஒரு வலையில், லேப்டாப் இன்னொன்றில். மெஷ் செயலியில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறையைத் தேர்ந்தெடுங்கள்; அல்லது ஃபைபர் பெட்டி இணைப்பைக் கடத்திவிட மட்டும் செய்யும் ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றித் தரும்படி இணைப்பு கொடுத்தவரிடம் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றுதான், இரண்டும் அல்ல. பிறகு ஃபைபர் பெட்டியின் பழைய வைஃபையை அணைத்து, பிரிண்டரைப் புதிய பெயரில் சேர்த்துவிடுங்கள். அணைக்காவிட்டால் போன்களும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு கிடக்கும். எந்தப் பெட்டியோடு சேர்வது என்பதை முடிவு செய்வது போன்தான். மெஷ் யோசனை சொல்லும், அவ்வளவுதான்.

கேள்வி: எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. மாடி இல்லை, ஆனால் முகப்பில் வரும் வைஃபை பின்கட்டுக்கு வருவதில்லை. சுவரைத் துளைக்க அப்பா சம்மதிக்க மாட்டார்.
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அப்பா சொல்வது சரி. அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் கைவைத்தால் பழையபடி பூச இன்று ஆள் தேடவேண்டும். உங்களுக்கு வளவு (நடு முற்றம்) இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வயர் இல்லாத மெஷ்ஷுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. முகப்பை ஒட்டிய வளவு ஓரத்தில் ஒரு பெட்டி, எதிர்த் தாழ்வாரத்தில் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி. நடுவே திறந்த வெளிதானே, 5 கிகாஹெர்ட்ஸ் தாராளமாகப் பாயும். சாரல் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: மூன்று பெட்டி வைத்தால் கதிர்வீச்சு மூன்று மடங்காகும், கைக்குழந்தை இருக்கிறது என்று என் அப்பா தடுக்கிறார்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: எக்ஸ்ரே போல உடலின் உயிரணுக்களைச் சிதைக்கும் கதிர் இதுவல்ல. வைஃபை பெட்டி அனுப்பும் சக்தி மிகக் குறைவு. தூரம் கூடக்கூட அது மளமளவென்று இறங்கிவிடும். தாத்தாவின் மனநிம்மதியும் முக்கியம். பெட்டியைத் தொட்டிலிலிருந்து தள்ளிக் கூடத்தில் வையுங்கள். வேகத்துக்கும் அதுதான் நல்ல இடம்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போனால் மாடியில் நெட் போய்விடுகிறது.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் சேர்த்திருப்பார்கள், சுவர் பிளக் சேர்ந்திருக்காது. ஃபைபர் பெட்டி, நடுவில் இணைய வயரைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி இருந்தால் அது, ஒவ்வொரு தளத்து மெஷ் பெட்டி என்று எல்லாப் பிளக்கும் அந்த லைனுக்கு வரவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அதற்குப் பின்னால் இருப்பவை ஊமை. லைன் மாற்ற முடியாத தளத்துக்கு ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். வாங்குமுன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டுப் போங்கள். சில பெட்டிகள் 9 வோல்ட்.