1979-இல் வந்த ஜப்பானியப் பாட்டு இப்போது கேஎல் (கோலாலம்பூர்) இளைஞர்கள் போனில் ஓடுவது எப்படி?

நீங்கள் கேட்பது ஜப்பானியப் பாடகி மிகி மட்சுபாராவின் ‘மயோனாகா நோ டோர்’ பற்றித்தானே? பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் பக்கத்து மேசையில் அது கேட்டுவிடும்.

அது அவருடைய முதல் பாட்டு. ஜப்பானில் ஓரளவு ஓடியது, வெளியே பெரிதாகத் தெரியாது. 2020-இல் இந்தோனேசியப் பாடகி ரெய்னிச் அதைப் பாடி யூடியூபில் போட்டார். நம் பக்கம் சுலபமாக வந்து சேர்ந்தது. அப்புறம் டிக்டாக். பிள்ளைகள் தங்கள் ஜப்பானிய அம்மாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். இசை தொடங்கியதுமே அம்மா முகம் மலர்ந்து கூடவே பாடுவார். அந்த டிசம்பரில் ஸ்பாட்டிஃபையின் உலக வைரல் பட்டியலில் முதலிடம். மிகிதான் இதைப் பார்க்கவில்லை, 2004-லேயே 44 வயதில் இறந்துவிட்டார்.

எல்லாம் அல்காரிதம் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். பல்லவி ‘ஸ்டே வித் மீ’ என்று ஆங்கிலத்தில் எடுக்கிறது. ஜப்பானியம் தெரியாதவரும் அங்கே சேர்ந்துகொள்ளலாம். பேஸ் கிட்டாரும் சும்மா உருளும், ராஜா பாட்டில் வளர்ந்த காதுக்கு உடனே பிடிக்கும். முக்கியமாக, பாட்டு ஸ்ட்ரீமிங்கில் இருந்தது. கேசட்டோடு நின்றுபோன பாட்டுக்கு இந்த வாய்ப்பே கிடையாது.