948 எஞ்சினை மாற்ற வேண்டாம், அளந்து கட்டுங்கள்

கேள்வி: அப்பாவின் 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 எங்கள் உப்புவெளி வீட்டில் நிற்கிறது. எஞ்சின் அதே 948 சிசி. நீலப் புகை வருகிறது. கந்தளாய் போய்த் திரும்புவதற்குள் சூடேறிவிடுகிறது. கிளச் பக்கம் ஒயில் ஒழுகுகிறது. ஜப்பான் எஞ்சின் ஒன்றை ஏற்றச் சொல்கிறார்கள். பழையதையே கட்டி, கொஞ்சம் இழுவையும் கூட்டலாமா?

பதில்: தாராளமாகக் கூட்டலாம். புளொக் வெடிக்காமல் இருந்தால் அதுதான் சரியான வழி. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்ற வேண்டும். பிறகு மவுண்டிங், கியர்பொக்ஸ், பிரேக் என்று செலவு வளரும்.

கழற்றுமுன் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுதாக மிதித்து அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் றிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்). ஏறாவிட்டால் வால்வு. கால் எடுத்து ஓடவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகை வந்தால் வால்வ் கைட்டை (வால்வுத் தண்டு ஓடும் குழாயை) சந்தேகியுங்கள்.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் புளொக்குக்குள்தான் இருக்கும். கடற்கரைக் கிணற்று உப்புத் தண்ணீரை வருடக்கணக்காக ஊற்றிய புளொக்கில், நாலாம் சிலிண்டருக்குப் பின்னால் துருச்சேறு இறுகிப்போயிருக்கும். றேடியேற்றரை மட்டும் கழுவினால் அது அசையாது. புளொக்கின் பக்கத் துளைகளை மூடும் தகட்டு மூடிகளான கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து, கம்பியால் கிண்டி, இரு பக்கமிருந்தும் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். புதிய கோர் பிளக் அடித்தபின் கூலன்ற்றும் வடித்த நீரும் மட்டுமே ஊற்றுங்கள். தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிய வேண்டாம். வெப்ப நாடுகளுக்கான 74 பாகை வகையைப் போடுங்கள்.

அடுத்தது லேத் வேலை. பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். போர் 0.006 அங்குலத்துக்கு மேல் தேய்ந்திருந்தால் றிங் மட்டும் மாற்றுவது வீண். சில மாதத்தில் புகை திரும்பிவிடும். பிஸ்டனைக் கையில் வாங்கி, அதை அளந்த பிறகே போர் அடிக்க (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்க) கொடுங்கள். 0.040 அங்குல ஓவர்சைஸ் அடித்தால் 948 சிசி ஏறக்குறைய 979 ஆகும். பிஸ்டன் தலை அதே வடிவமாக இருந்தால் 8.3 கொம்பிரஷன் விகிதமும் 8.5 அளவுக்குத் தானாகவே ஏறும். 92 பெற்றோலுக்கு அது போதும். ஆகவே சிலிண்டர் ஹெட்டை மட்டமாக்கும் அளவுக்கு மட்டும் சீவச் சொல்லுங்கள். முன்பே சீவிய ஹெட்டாகவும் இருக்கலாம். பியூரெற்றால் (அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயால்) ஹெட்டில் உள்ள நான்கு எரி அறைகளின் கொள்ளளவையும் அளந்து, அரை சிசி வித்தியாசத்துக்குள் கொண்டு வாருங்கள்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை அரைத்து வாங்கியதும் அதன் ஒயில் துளைகளைப் பிரஷ் விட்டுத் துடையுங்கள். அரைத்த தூள் அங்கே தங்கினால் புதுப் பெயாரிங் முதல் நாளே கீறிவிடும். பிக் எண்ட் (கொன்றொட் கிராங்கைப் பிடிக்கும் பெயாரிங்) இடைவெளி 0.001 முதல் 0.0025 அங்குலம். இறுக்கும் முறுக்குவிசை, கிராங்கைப் புளொக்கில் தாங்கும் மெயின் பெயாரிங்கின் கப் போல்ட்டுக்கு 60 இறாத்தல்-அடி, பிக் எண்டுக்கு 35. 948இல் பிஸ்டனைக் கொன்றொட்டோடு இணைக்கும் பின்னை (pin) ஒரு கிளாம்ப் போல்ட்தான் பிடிக்கிறது. அதற்கு 25, புதிய பூட்டு வாஷரும் கட்டாயம். போல்ட் தளர்ந்தால் அந்தப் பின் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கீறும்.

கிளச் பக்க ஒழுகலைச் சிலிக்கோன் பூசி நிறுத்த முயல வேண்டாம். இந்த எஞ்சினின் பின்புறத்தில் றபர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய சுருள் காடிதான் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. மெயின் பெயாரிங் தேய்ந்தாலோ, பிஸ்டனைத் தாண்டி வரும் காற்று உள்ளே அழுத்தினாலோ அது தோற்றுவிடும். போரும் பெயாரிங்கும் சரியாகி, உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் பிறீதர் குழாயும் அடைப்பின்றி இருந்தால் ஒழுக்கு மிகவும் குறையும்.

இழுவைக்கு வருவோம். ஈயமில்லாப் பெற்றோலுக்காக எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடின சீற் பதியுங்கள். மனிபோல்ட் துளையும் ஹெட் துளையும் கஸ்கட்டோடு ஒத்திருக்கும்படி விளிம்பை அராவுங்கள். எஸ்யூ காபரேற்றரின் திறொட்டில் தண்டு ஆடினால் புஷ் போடுங்கள். பெரிய காபரேற்றர் வாங்குவதைவிட அதில் பலன் அதிகம். இலத்திரனியல் இக்னிஷன் நல்லது. ஆனால் இந்தக் கார் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் நேர்முனை கார் உடலோடு இணைந்தது. அதற்குரியதைக் கேட்டு வாங்காவிட்டால் எரிந்துவிடும். ரேஸ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வேண்டவே வேண்டாம். குறைந்த வேகத்தில் இருக்கிற இழுவையும் போய்விடும். மூன்று மெயின் பெயாரிங் கிராங்கை அவ்வளவு சுற்றவிடவும் கூடாது. கேம் மாற்றத்தான் வேண்டுமென்றால் அதன் வால்முனை உங்கள் ஒயில் பம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 948இல் ஊசி (pin) டிரைவ். பிந்திய வகைகளில் வேறு.

ஹெட் நட்டுகளை மூன்று சுற்றாக, நடுவிலிருந்து வெளியே 40 இறாத்தல்-அடிக்கு இறுக்குங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். இரண்டு வால்வின் எண்களைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவதுக்கு இரண்டாவது.

20டபிள்யூ-50 மினரல் ஒயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஸ்ராற்றரைச் சுழற்றி, ஒயில் அழுத்தம் ஏறிய பிறகே எஞ்சினை எழுப்புங்கள். சூடானபின் ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ, ஐடிலில் குறைந்தது 15 காட்ட வேண்டும். முதல் 500 கிலோமீற்றருக்கு நிலாவெளி வீதியின் சமதரையில் ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். போர்ச் சுவர் பளிங்காகி றிங் படியாது. மணிக்கு 70 கிலோமீற்றருக்குள், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதன் பிறகு ஒயிலையும் பில்டரையும் மாற்றி, எஞ்சின் ஆறியதும் ஹெட்டை மறுபடி இறுக்குங்கள். இறுக்கியதும் வால்வு இடைவெளி மாறும். அதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.