ஆசாரிக்கு அளவு சொல்லும் முன் நாற்காலியை வாங்குங்கள்

கேள்வி: எனக்கு மெடிக்கல் கோடிங் (நோயாளிகளின் சிகிச்சைப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும்) வேலை. இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே ஒன்பது மணி நேர ஷிஃப்ட். சாப்பாட்டு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் என் ஆபீஸ். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம் என்பதால் நாற்காலியில் தலையணை போட்டு உட்காருகிறேன். வலது தோளும் பிடரியும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. மாலையானால் கால் வீங்குகிறது. இப்போது எட்டுக்குப் பத்து அடி அறை ஒன்றைக் காலி செய்திருக்கிறோம். மேற்குப் பக்கம் ஜன்னல். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. கணவர் கேமிங் சேர் வாங்கலாம் என்கிறார். ஆசாரியோ, நடுவில் டிராயர் வைத்து மேசை செய்து தருவதாகச் சொல்கிறார். ஆபீஸில் லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். கூட ஒரு மானிட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் இணைப்பு) அறுந்து, பாதி செய்த சார்ட் (நோயாளியின் பதிவு) போய்விடுகிறது. எதை முதலில் வாங்குவது?
— வாசகி, திருச்சி

பதில்: ஆசாரியைப் பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தோள்வலிக்கு முதல் சந்தேகம் மேசையின் உயரத்தின் மேல்தான் விழுகிறது. புது மேசையும் அதே உயரத்தில் வந்து நின்றால், எவ்வளவு நல்ல நாற்காலி போட்டாலும் வலி போகாது.

சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 30 அங்குலம் இருக்கும். ஆசாரிகள் வழக்கமாகச் செய்யும் எழுது மேசையும் கடையில் விற்கும் கம்ப்யூட்டர் டேபிளும் அதே கணக்குதான். பாதம் தரையில் படிய உட்கார்ந்து, மேல்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு 23 முதல் 24 அங்குலம் வரும். விசைப்பலகை இருக்க வேண்டிய உயரம் அதுதான். இப்போது விசைப்பலகை ஆறேழு அங்குலம் மேலே இருப்பதால் தோளைத் தூக்கியபடியே ஒன்பது மணி நேரம் தட்டுகிறீர்கள். தலையணை போட்டு ஏறி உட்கார்ந்தால் தோள் கொஞ்சம் இறங்கும். ஆனால் பாதம் அந்தரத்தில் தொங்கும். நாற்காலியின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும், மாலையில் கால் வீங்க அது போதும். (காலையிலும் வீக்கம் வடியாமல் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ நாற்காலியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.)

அதனால் முதலில் நாற்காலி. அதன் இருக்கை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை வைத்துத்தான் மேசையின் உயரத்தை முடிவு செய்ய முடியும். கடைக்குப் போகும்போது இஞ்ச் டேப் கொண்டு போங்கள். கடைக்காரர் லிவரை இழுத்து எவ்வளவு உயரும் என்று காட்டுவார். உங்களுக்கு வேண்டியது முழுக்க இறக்கிய அளவு. சாதாரண கேஸ் லிஃப்ட் (லிவரை இழுத்தால் இருக்கையை ஏற்றி இறக்கும் குழாய்) நாற்காலி 17 அங்குலம் வரை இறங்கும். சில 18-லேயே நின்றுவிடும். வெறுங்காலோடு உட்காரும் உங்களுக்கு 15 தான் சரி. ஆகவே 17-ஐத் தாண்டாததைப் பாருங்கள். மிச்ச இரண்டு அங்குலத்துக்குக் காலடியில் ஒரு பலகை. இதற்கென்று காசு கொடுத்து ஃபுட்ரெஸ்ட் வாங்க வேண்டாம், ஆசாரியிடம் மிஞ்சும் பிளைவுட்டில் ஒன்றரை அடிக்கு ஓர் அடியாகச் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது இருக்கையின் ஆழம். உயரம் குறைந்தவர்கள் ஏமாறும் இடம் இது. முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும்போது இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். உங்களுக்கு 15, 16 அங்குல ஆழம் போதும். கடையில் கிடைப்பவற்றில் பல 18, 19. ஆழம் அதிகமானால் முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள். அப்புறம் லம்பார் சப்போர்ட்டுக்காக (கீழ்முதுகைத் தாங்கும் பகுதி) கொடுத்த பணம் முதுகைத் தொடாமல் காற்றில் நிற்கும். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும் வசதி உள்ள மாடல் உங்கள் பட்ஜெட்டில் அகப்பட்டால் யோசிக்காமல் எடுங்கள்.

கைப்பிடி மேலும் கீழும் நகர வேண்டும். முழுக்க இறக்கினால் மேசைக்கு அடியில் போக வேண்டும். அசையாத கைப்பிடி மேசை விளிம்பில் முட்டி நாற்காலியைத் தள்ளியே நிறுத்தும், கை நீண்டு மறுபடி தோள் வலிக்கும். முதுகு மெஷ்ஷாக இருக்கட்டும், திருச்சி வெயிலுக்கு அதுதான். கேமிங் சேரை விட்டுவிடுங்கள்: ரெக்சின் உறையில் முதுகு நனையும், இருக்கையின் இருபக்க மேடும் ஒரே நிலையில் உட்கார வைக்கும், பெரும்பாலானவை பெரிய உடம்புக்காகச் செய்தவை. டைல்ஸ் தரை என்றால் கடினமான நைலான் சக்கரம் வழுக்கும், சத்தம் போடும்; பியூ (மெத்தென்ற பாலியூரிதேன்) சக்கரம் கேளுங்கள். இதற்கெல்லாம் 11,000, 12,000 ஒதுக்குங்கள்.

பழைய ஆபீஸ் நாற்காலி வாங்குவதும் நல்ல யோசனையே. நல்ல கம்பெனி நாற்காலி பாதி விலைக்குக் கீழே வரும். வாங்கும் முன் முழு உயரத்துக்கு ஏற்றி, அதில் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். மெல்ல இறங்கினால் கேஸ் லிஃப்ட் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்றலாம்தான், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

நாற்காலி வீட்டுக்கு வந்ததும், கால் பலகை வைத்து, கடைசி வரை இறக்கி உட்கார்ந்து முழங்கையை மறுபடி அளந்து பாருங்கள். 25 முதல் 26 அங்குலத்துக்குள் வரும். விசைப்பலகையின் கனம் முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் போனால் மேசையின் மேல்மட்டம் 24½. ஆசாரி சிரிப்பார், "குழந்தை மேசையா?" என்று கேட்பார். அளவை எழுதியே கொடுத்துவிடுங்கள். நடுவில் டிராயர் கூடவே கூடாது. மேல்பலகைக்குக் கீழே நான்கு அங்குல டிராயர் வந்தால் 17 அங்குல இருக்கையில் உட்கார்ந்த தொடைக்கு இடமே மிஞ்சாது. டிராயர் வேண்டுமென்றால் பக்கவாட்டில் சக்கரம் வைத்த தனிப் பெட்டியாக இருக்கட்டும்.

மேசை நான்கடி நீளம், இரண்டடி அகலம். அகலத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒன்றரை அடி மேசையில் மானிட்டர் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், கை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் கிடைக்காது. 19 மில்லிமீட்டர் எம்ஆர் கிரேடு (ஓரளவு ஈரம் தாங்கும்) பிளைவுட், எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்று வாங்கினால் மேல்பலகையும் இரு பக்கமும் போக மீதியும் இருக்கும். நான்கடி நீளம் நாளடைவில் நடுவில் தொய்யும். பின்விளிம்பின் கீழே நான்கு அங்குலப் பட்டை ஒன்றை நெடுக அடிக்கச் சொன்னால் தொய்யாது, ஆட்டமும் நிற்கும். பக்கப்பலகைகளின் அடியில் பிளாஸ்டிக் புஷ் வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள், வீடு துடைக்கும் தண்ணீர் ஏறாது. ரெடிமேட் பார்ட்டிகிள் போர்டு மேசைகள் ஊதிப்போவது இந்த இடத்தில்தான். ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. சன்மைக்கா மங்கலான நிறத்தில், பளபளப்பில்லாமல் இருக்கட்டும். கூலியோடு 7,000 ரூபாய்க்குள் முடிக்கப் பாருங்கள்.

மோட்டார் வைத்து ஏறி இறங்கும் மேசை ஆசை உங்களுக்கும் வரலாம். விலை ஒருபுறம் இருக்கட்டும், இரண்டு அடுக்குக் கால் கொண்டவை பெரும்பாலும் 70 செ.மீ.க்குக் கீழே இறங்காது. அதாவது இருபத்தேழரை அங்குலம். உட்கார்ந்து வேலை செய்ய அது உங்களுக்கு உதவாது.

மானிட்டர் 24 அங்குலம், ஐபிஎஸ் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரை), ஃபுல் எச்டி போதும். 8,000 ரூபாய் அளவில் கிடைக்கும். சார்ட் படிப்பது அதிலா, கோட் போடுவது அதிலா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதிக நேரம் பார்ப்பதை மூக்குக்கு நேராக வைத்து, மற்றதைப் பக்கத்தில் சாய்வாக நிறுத்துங்கள். இரண்டையும் சரிபாதி நேரம் பார்ப்பவராக இருந்தால் மட்டும் இரண்டும் சேரும் கோடு நடுவில் வரட்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மலிவான ஸ்டாண்டு உயரம் போதாவிட்டால் அடியில் ஒரு கட்டை. லேப்டாப்பையும் ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள், அதன் விசைகளைத் தொடாதீர்கள். இரண்டு பவர் உள்ள கண்ணாடி போடுபவர் என்றால் எல்லாவற்றையும் இன்னும் இறக்குங்கள், இல்லையென்றால் மோவாயைத் தூக்கியே படிப்பீர்கள்.

வலது தோள் மட்டும் கூடுதலாக வலிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கும். சிபிடி கோட் (மருத்துவச் சேவைகளுக்கான அமெரிக்கக் குறியீடு) பெரும்பாலும் ஐந்தும் எண்கள், உங்களுக்கு நம்பர் பேட் தேவை. ஆனால் நம்பர் பேட் சேர்ந்த விசைப்பலகை ஒன்றரை அடி நீளம். அதைத் தாண்டி மவுஸ் போகும்போது வலது கை வெளியே நீள்கிறது. நம்பர் பேட் இல்லாத சின்ன விசைப்பலகை ஒன்றும் தனி யூஎஸ்பி நம்பர் பேட் ஒன்றும் வாங்கி, பேடை இடப்பக்கம் வையுங்கள். மவுஸோடு 2,000 ரூபாய்க்குள் அடங்கும். இடது கைக்குப் பழக ஒரு வாரம் ஆகும். விசைப்பலகையின் பின்னங்கால்களை மடக்கியே வைத்திருங்கள், நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

ஜன்னல் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். பின்னால் இருந்தால் மாலை வெயில் திரையில் அடிக்கும், முன்னால் இருந்தால் கண்ணில் அடிக்கும். நோயாளிகளின் பதிவுகள் திரையில் இருப்பதால் கதவு வழியே யாருக்கும் தெரியாத பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். நோயாளிகளின் தகவல்களைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தை உங்கள் ஆபீஸ் ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

இனி கரண்ட். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அது அணையாது, அணைவது மோடம். அது திரும்ப உயிர்பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் விபிஎன் அறுந்துவிடும். மோடம் செருகிய பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள். இருந்தும் அணைகிறதென்றால் இன்வெர்ட்டரின் பின்புறம் பாருங்கள். பல மாடல்களில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் உண்டு. சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்குப் பொருட்டில்லை, மோடத்துக்குப் பெரிது. அதுவும் கைகொடுக்காவிட்டால் ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் 1,500 ரூபாய் அளவில் வரும். மோடத்தின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள்: வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டு அவுட்புட் உள்ளது வேண்டும். மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுப்பது வைஃபையைவிட நம்பகமானது.

மாதப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்தும் நாளுக்கும் ஒரு கணக்கு: லேப்டாப் 65 வாட், மானிட்டர் 25, சாதாரண ஃபேன் 70, விளக்கு 20, மோடம் 12, ஆக 190 வாட்டைத் தாண்டும். நல்ல நிலையிலுள்ள 150 ஏஎச் பேட்டரி, இழப்பெல்லாம் போக, ஆறு மணி நேரம் தாங்கும், வீட்டின் மற்ற விளக்குகளும் ஃபேன்களும் அணைந்திருந்தால். அந்த அறை ஃபேனை மட்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஏழரை மணி நேரம் வரை இழுக்கலாம். 30,000-க்குள் அதற்கு இப்போது இடமில்லை, அடுத்த போனஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.