வேனில் ஏறினாலும் அது மேலேற்றம்தான்

அன்பின் ஐயா,

வணக்கம். நான் நுவரெலியாவில் வசிக்கிறேன். திருகோணமலையில் சுழியோடக் கற்று, இதுவரை 22 முறை இறங்கியிருக்கிறேன். வரும் பெப்ரவரியில் மாலைதீவில் ஏழு இரவு படகிலேயே தங்கி, முருகைக்கற்பாறைகளில் சுழியோடும் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். அதற்கு முன் கை பழக, ஆகஸ்ட்டில் ஒரு சனி ஞாயிறு திருகோணமலைக்குப் போக எண்ணம். ஞாயிறு காலை இரண்டு முறை இறங்கிவிட்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். திங்கள் வேலை இருக்கிறது. விமானம் ஏறுவதென்றால் 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று படித்தது நினைவிருக்கிறது. நான் வருவது வேனில்தானே? படகுப் பயணத்துக்கு எப்படித் தயாராவது என்றும் எழுதுங்கள்.

ஒரு வாசகர், நுவரெலியா

அன்புள்ள நண்பருக்கு,

"வேனில்தானே" என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மலையகத்திலிருந்து கடலுக்குப் போகும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். சுழியோடக் கற்றுக்கொடுப்பவர்களோ கரையோரத்தில் இருப்பவர்கள். மாணவர் பாடம் முடிந்து எந்த உயரத்துக்குத் திரும்புகிறார் என்று கேட்கும் வழக்கம் அவர்களிடம் குறைவு.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். பறக்கும் பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் அமுக்கம், பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கும் அமுக்கத்துக்குச் சமம். ஆக, உங்கள் வீடும் விமானத்தின் உட்புறமும் உடம்புக்கு ஒன்றுதான். ஒரு வகையில் வீடு இன்னும் மோசம். மாலே விமானம் ஒன்றரை மணித்தியாலத்தில் தரையிறங்கிவிடும். வீட்டில் நீங்கள் விடிய விடிய அதே குறைந்த அமுக்கத்தில் படுத்திருப்பீர்கள்.

18 மீற்றர் ஆழத்தில் உங்களைச் சூழ்ந்த அமுக்கம் கடல் மட்டத்தைப்போல 2.8 மடங்கு. அந்த அமுக்கத்தில் சுவாசித்த நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்துபோகும். மேலே வந்த பிறகு அது நுரையீரல் வழியாக மெல்ல மெல்ல வெளியேறும். முழுவதும் வெளியேற ஒரு நாள் எடுக்கலாம். இடையில் வலி தராத நுண்குமிழ்கள் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. நுவரெலியாவில் அமுக்கம் கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே ஏறும்போது அந்தக் குமிழ்கள் கால்வாசி பருக்கும், இன்னும் கரைந்திருக்கும் நைதரசனும் குமிழாக வெளிப்படும். கரையில் ஒன்றும் தெரியாதவருக்கு றம்பொடை ஏறியபின் தோள்மூட்டு வலிக்கத் தொடங்குவது இப்படித்தான்.

சுழியோடிகளுக்கான பாதுகாப்பு அமைப்பான டான், விமானமோ மலையோ ஏறுமுன் காத்திருக்கச் சொல்லும் கணக்கு இது: ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணித்தியாலம், ஒரே நாளில் பல முறையோ தொடர்ந்து பல நாளோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலம். ஏறும் வழியில் கட்டாயம் நின்று நின்று வரவேண்டிய ஆழத்துக்குப் போயிருந்தால் அதைவிட நன்றாகவே கூட. இந்தக் கணக்கு 600 மீற்றர் உயரத்திலிருந்தே பொருந்தும். இவை குறைந்த அளவுகள். வீட்டில் தங்கப்போகிறவர் 24 என்று வைத்துக்கொள்வதே நல்லது.

உங்கள் திட்டத்தை ஒரு நாள் முன்னே தள்ளினால் எல்லாம் சரியாகும். வெள்ளி இரவே திருகோணமலை போய்ச் சேருங்கள். சனிக்கிழமை இரண்டு முறையும் இறங்கி 11 மணிக்குள் முடியுங்கள். அன்றிரவு அங்கேயே படுக்கை. ஞாயிறு காலை கிளம்பி தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக வரலாம். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர்தான். ஏற்றம் கம்பளை தாண்டித்தான் வலுக்கும், அங்கே வரும்போது 24 மணித்தியாலம் கழிந்திருக்கும். ஞாயிறு காலை கடலைப் பார்த்து ஆசை வந்தால் புறாத்தீவில் முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலாக நீந்துங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஆழம் போகவேண்டாம்.

மாலைதீவில் இந்தக் கவலை குறைவு. வெள்ளிக்கிழமை காலை கடைசி இறக்கம், சனிக்கிழமை விமானம் என்பதே படகுகளின் வழக்கம். கட்டுநாயக்கவில் இறங்கி ஹட்டன் வழியாக ஏறும்போது ஒரு நாள் தாண்டியிருக்கும். ஆனால் அங்கே ஆறு நாளில் பதினைந்து, பதினேழு முறை இறங்குவீர்கள். நைதரசன் நாளுக்கு நாள் கொஞ்சம் மிச்சம் நிற்கும். நடுவில் ஒரு நாள் ஒரு முறையை விட்டுவிட்டுத் தூங்குங்கள். படகில் நைட்ரொக்ஸ், அதாவது ஒட்சிசன் கூட்டிய சுவாசக் காற்று, கிடைத்தால் அதற்கான வகுப்பைத் திருகோணமலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். 32 வீத ஒட்சிசன் உள்ள கலவையில் 33 மீற்றருக்குக் கீழே போகக்கூடாது. மாலைதீவில் சட்டப்படியே 30 மீற்றர்தான் எல்லை. ஒவ்வொரு சிலிண்டரையும் நீங்களே அளந்து, அந்த அளவை, ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடம்பிலுள்ள நைதரசனைக் கணக்கிடும் டைவ் கம்பியூட்டரில் போடவேண்டும். நைட்ரொக்ஸ் பாவித்ததால் விமானத்துக்கு முந்திய காத்திருப்பைக் குறைக்க முடியாது.

கம்பியூட்டருக்குப் புது பற்றரி போட்டுக்கொண்டு போங்கள். மூன்றாம் நாளில் அது செத்தால் இன்னொருவருடையதை வாங்கிக் கட்ட முடியாது, உங்கள் உடம்பில் மிச்சமுள்ளது அதற்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருக்கவேண்டியதுதான்.

22 இறக்கங்களுடன் போகும் உங்களுக்கு உண்மையான சோதனை நீரோட்டம். வளையத்தீவுகளின் வாய்களை அங்கே கந்து என்பார்கள். பெப்ரவரியில் கிழக்குப் பக்கக் கந்துகளில் வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே பாயும். சுறாக்கள் அந்த வாயில்தான் நிற்கும். இறங்கியவுடன் தாமதமில்லாமல் கீழே போகவேண்டும், மேலே மிதந்துகொண்டு காதின் அமுக்கத்தைச் சரிசெய்தால் குழு போய்விடும். ஆகஸ்ட்டில் இரண்டு விஷயங்களைப் பழகுங்கள். ஒன்று, 5 மீற்றரில் நின்றபடி அடையாள மிதவையை ஊதி மேலே விடுவது. டோனிப் படகு உங்களைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். மற்றது ஈயப் பாரம். அலுமினிய சிலிண்டர் காற்றுத் தீரத் தீர இரண்டு கிலோவளவு இலகுவாகும், அதனால் பாரம் போதுமா என்பதை சிலிண்டரில் 50 பார் அமுக்கம் மிச்சமிருக்கும்போது பாருங்கள், தொடக்கத்தில் அல்ல.

நம் ஊரில் சளி விடாது. சளியோடு இறங்கவே வேண்டாம். மூக்கைத் திறக்கும் மாத்திரை போட்டு இறங்கினால், ஆழத்தில் மருந்து தீர்ந்து, ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காதும் சைனசும் அடைபடும். காதுத் துளையையோ ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். பலருக்குப் பயணம் பாதியில் நிற்பது ஈரத்தில் காது புண்ணாவதால்தான்.

படகில் ஏறிய முதல் மாலையே படுக்கும் அறையிலிருந்து வெளியேற இரண்டு வழிகளையும் நடந்து பாருங்கள். இரவுக் காவல் யார், கமரா பற்றரிகளை எங்கே சார்ஜ் செய்வது என்று கேளுங்கள். 2019 செப்டெம்பரில் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கொன்செப்ஷன் என்ற சுழியோடிப் படகு இரவில் எரிந்து, கீழ்த்தட்டில் உறங்கிய 34 பேர் மாண்டார்கள். விழித்துச் சுற்றிவர ஆள் இருக்கவில்லை. கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம்.

வீடு திரும்பியபின் மூட்டு வலியோ, விறைப்போ, கால் பலவீனமோ, சிறுநீர் போகாமையோ வந்தால் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், சுழியோடினேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, முகமூடி மூலம் முழு ஒட்சிசன் கேளுங்கள். கடைசி மூன்று நாளின் ஆழம், நேரம், மேலே வந்த மணி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தால், அதையே டாக்டரிடம் கொடுத்துவிடலாம்.