மைனஸ் மேல் மைனஸ் ஏறுமா?

கேள்வி: சனிக்கிழமை இரவுகளில் மமாக் உணவுக்கடையின் பின்மேசையில் நாங்கள் ஐவர், பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பை ஆடி வருகிறோம். சென்ற வாரம் என் வாள்வீரனுக்கு அச்சம் 2 அளவு, குமட்டல் 2 அளவு. போதாததற்குத் தரையிலும் விழுந்து கிடந்தான். அந்த நிலையில் அவன் வீசிய இரண்டாவது வீச்சுக்கு, ஆட்டத்தை நடத்தும் அண்ணன் 2, 2, 2, 5 என்று கூட்டி, பகடை எண்ணிலிருந்து 11 கழித்துவிட்டார். இது முறைதானா?
— வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: முறையில்லை. 9 மட்டுமே கழித்திருக்க வேண்டும்.

2019இல் வெளிவந்த அந்தப் பதிப்பில், குறைப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஸ்டேட்டஸ், சூழ்நிலை, பொருள் என மூன்று வகைகள் உள்ளன. ஒரே வகையில் எத்தனை வந்து சேர்ந்தாலும் அவற்றுள் பெரியது ஒன்றே கணக்கில் ஏறும். அச்சம், குமட்டல் இரண்டுமே ஸ்டேட்டஸ் வகையைச் சேர்ந்தவை என்பதால் இரண்டுக்கும் சேர்த்து 2தான். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பது இங்கே விதியாகவே இருக்கிறது. விழுந்து கிடப்பது சூழ்நிலை வகை. அது தனியாக 2. இரண்டாவது வீச்சுக்குரிய 5 எந்த வகையிலும் சேராதது. வகையற்றவை எப்போதும் கூடும்.

அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இதே வகை ஆட்டத்தின் 2003ஆம் ஆண்டு 3.5 பதிப்பில் பழகியவராக இருக்கலாம். அதில் நடுக்கத்துக்கு 2, குமட்டலுக்கு 2 என்று இரண்டையும் கூட்டி 4 கழிப்பதே சரி. என் தந்தையாரின் தோட்டத்துச் சம்பளச் சீட்டில் முன்பணமும் கடைக் கடனும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கழிந்ததைப் போன்ற கணக்கு அது. அதே ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்போ பெரும்பாலும் இந்தக் கூட்டலையே விட்டுவிட்டது. பாதகங்கள் எத்தனை இருந்தாலும் இரண்டு பகடைகளை உருட்டிச் சிறியதை எடுத்துக்கொள்வதோடு சரி.

ஆனால், கூடாத குறைப்பு ஒழிந்துபோவதில்லை. பெரியதன் அடியில் பதுங்கியிருக்கிறது. அச்சம் உங்கள் முறை ஒவ்வொன்றும் முடியும்போது தானாக 1 இறங்கும்; குமட்டல் அப்படி இறங்காது, உங்கள் முறையில் கிடைக்கும் செயல்களில் ஒன்றைச் செலவிட்டு ஓங்கரித்து, பகடையிலும் தேற வேண்டும். எனவே அடுத்த முறை அச்சம் 1 ஆகியிருந்தாலும் உங்களுக்குக் கழிவு அதே 2தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால், அருகில் நிற்கும் எதிரிக்கு எழும்போதே வெட்டும் திறன் இல்லையென்று தெரிந்த உடனே, முதல் செயலாக எழுந்து நின்றிருப்பேன். எழுந்தபின் வீசும் முதல் வீச்சுக்குக் கழிவு 2 மட்டுமே. வீச்சின் மொத்தம் இலக்கு எண்ணைவிட 10 கூடினால் சேதம் இரட்டிக்கும் ஆட்டத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் விலை உண்டு.

ஒன்று மட்டும்: விழுந்து கிடந்தபோது உங்கள் வீரனின் தற்காப்பு எண்ணிலிருந்து அண்ணன் 4 குறைத்திருந்தால், அதை எதிர்த்து வழக்காடாதீர்கள். அச்சத்தால் 2, விழுந்து கிடந்ததால் 2. வகை வேறு என்பதால் அந்தக் கூட்டல் சரியானது.