ஆசாரியனிடம் எதற்கு அனுப்பினார்?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் நான். இயேசு தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கிய கதையைச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் ஆயா (பாட்டி) வீடு நினைவுக்கு வரும். வெள்ளிக்கிழமைதோறும் விரல் மடங்கிப்போன பெரியவர் ஒருவர் வந்து முகப்புப் படிக்குக் கீழே நிற்பார். அவர் தட்டில் கை பட்டுவிடாமல், உயரத்திலிருந்தே ஆயா சோறும் குழம்பும் போடுவார். ஒரு வாரம்கூட இல்லையென்று சொன்னதில்லை. ஒரு நாளும் படியேற்றியதும் இல்லை. அது இரக்கம்தானா? இன்னொன்று: தீட்டென்று ஒதுக்கிய ஆசாரியனிடமே (யூதர்களின் பூசாரி), குணமானவனைப் போய்க் காட்டச் சொல்கிறாரே இயேசு? ஒதுக்கியவர்களிடமே சான்றிதழ் வாங்க வேண்டுமா?

காரைக்குடி வாசகி (பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பைபிளின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 13-ஐப் படித்தால், ஆசாரியன் அங்கே வைத்தியம் பார்ப்பவன் இல்லை என்பது தெரியும். தோலைப் பார்ப்பான், 7 நாள் அடைத்து வைப்பான், மறுபடி பார்ப்பான், தீட்டு என்றோ சுத்தம் என்றோ சொல்வான். அவ்வளவுதான் அவன் வேலை. தீட்டு என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் கிழிந்த துணியோடு, மேலுதட்டைத் துணியால் மறைத்துக்கொண்டு, “தீட்டு, தீட்டு” என்று தானே சத்தமிட்டுக்கொண்டு பாளையத்துக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். (இன்று நாம் தொழுநோய் என்பதை மட்டும் அது குறிக்கவில்லை. துணிக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட வரும் என்கிறது அந்தப் புத்தகம். முட்டைவெள்ளை பூசிய நம் ஊர்ச் சுவர்கள் தப்பியிருக்கும்!)

நோய் தானாக ஆறிப்போனாலும், ஆசாரியன் வாய் திறக்கும்வரை அவன் வெளியேதான். நகரத்தார் கல்யாணத்துக்குக் கோயில் மாலை வர வேண்டுமே, அந்த மாதிரி. பெண்ணும் மாப்பிள்ளையும் எத்தனை பிரியமாக இருந்தாலும், கோயிலிலிருந்து மாலை வராமல் புள்ளிக் கணக்கில் (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு) சேர முடியாது. இயேசு அவனை அனுப்பியது அந்த மாலைக்காகத்தான்.

குணமாவது வேறு, ஊர் சேர்த்துக்கொள்வது வேறு. இதற்கு அத்தனை பழைய காலத்துக்குப் போக வேண்டியதே இல்லை. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-இல். ஏழை நோயாளிகளைப் பிடித்துத் தனியே அடைக்க வழி செய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2016-இல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற வரி இந்து திருமணச் சட்டத்திலிருந்து போனது 2019-இல். மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர், சட்டத்தின் கண்ணில் குணமாக முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்.

இனி ஆயா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த நோய் அத்தனை சீக்கிரம் தொற்றாது, பெரும்பாலானவர்களின் உடம்பே அதை எதிர்த்து நின்றுவிடும் என்றெல்லாம் அன்றைக்கு அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வாரம் தவறாத சோறு சின்ன விஷயமில்லை. இரக்கம்தான் அது. ஆனால் ஆயா படிக்கு மேலே, பெரியவர் படிக்குக் கீழே. அத்தனை வருஷச் சோறும் அதை மாற்றவில்லை. மாற்கு நற்செய்தி 1-இல் இந்தக் கதையின் வரிசையைக் கவனியுங்கள்: “மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு”. அப்புறம்தான் “சுத்தமாகு”. தொட்ட நேரத்தில் அவன் இன்னும் நோயாளி. தொட்டவர் மேல் தீட்டு ஒட்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. தொட்டால்தான் குணமாகும் என்றும் இல்லை. மத்தேயு 8-இல் இதற்கு அடுத்த கதையிலேயே நூற்றுக்கு அதிபதியின் (ரோமப் படை அதிகாரி) வேலைக்காரனை, ஆளைப் பார்க்காமல், ஒரு வார்த்தையில் குணமாக்குகிறார். அப்படியிருக்க இவனை ஏன் தொட வேண்டும்? மனிதக் கை பட்டே அவனுக்கு எத்தனை காலமாகியிருக்கும்! வேறு காரணம் எனக்குப் படவில்லை.

எல்லாரையும் ஆசாரியனிடம் அனுப்பினார் என்றும் நினைக்க வேண்டாம். 12 வருஷம் உதிரப்போக்கோடு, இருந்த பணத்தையெல்லாம் வைத்தியர்களிடம் கொடுத்துத் தீர்த்த ஒரு பெண் மாற்கு 5-இல் வருகிறாள். கூட்டத்தில் பின்னாலிருந்து அவர் உடையைத் தொட்டு, குணமாகி, சத்தமில்லாமல் நழுவப் பார்க்கிறாள். அவர் விடவில்லை. “என்னைத் தொட்டது யார்?” என்று நின்றுவிடுகிறார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். பக்கத்தில் ஜெப ஆலயத் தலைவன் யவீரு, வீட்டில் மகள் சாகக் கிடக்க, காத்துக்கொண்டு நிற்கிறான். ஊர்ப் பெரிய மனிதனை நிறுத்தி வைத்துவிட்டு, தீட்டுக்காரி பேசுவதைக் கேட்டு, “மகளே” என்று கூப்பிடுகிறார். அங்கே ஆசாரியனும் இல்லை, காணிக்கையும் இல்லை.

சரி, நம் ஆள் ஆசாரியனிடம் போனானா? மாற்கு சொல்லவே இல்லை. ஒருவருக்கும் சொல்லாதே என்று கண்டித்து அனுப்பியும் அவன் எங்கும் பரப்பிவிடுகிறான். கடைசியில் இயேசுவால் ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் போகிறது. இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டார்கள் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், அதுவும் சரிதான். என் கவனம் போவது, குணமானவன் ஆசாரியனிடம் கொடுக்க வேண்டிய காணிக்கைக்கு. 3 ஆட்டுக்குட்டி வேண்டும். ஏழைக்குச் சலுகை, ஒரு குட்டியும் 2 புறாவும். வெளியே கிடந்தவனுக்கு அதுவும் ஏது? ஆனாலும் அவன் சொன்ன பிறகு நாலா பக்கமிருந்தும் ஜனங்கள் வந்தார்கள் என்றிருக்கிறது. ஆசாரியனைப் பார்த்தானோ இல்லையோ, பேச்சுக் கேட்கிற தூரத்தில் யாரோ அவனை நிற்க விட்டிருக்கிறார்கள்.